இருந்தாங்க

மதுரையில் காது குத்தினால் போஸ்டர், கல்யாணம் என்றால் போஸ்டர், சங்கத்தில் துணைச் செயலாளர் பதவி கிடைத்தால் நாலு தெருவுக்குப் போஸ்டர். செத்தால் கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்ட ஊரில் இருபத்திரண்டு வருஷமாக அச்சாபீஸில் பிழை திருத்துகிறவர் ஜனகராஜ். சிம்மக்கல்லில் சிஹாபுதீன் பாய் நடத்துகிற ஆப்செட் பிரஸில் ஜன்னலோர மேஜை அவருடையது. 'கண்ணீர் அஞ்சலி'க்கு ரெண்டு சுழி போட்டு 'கன்னீர்' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். ஒரு சுழியைச் சேர்த்துத் திருத்திவிட்டு, "அழுகையில சுழி தெரிஞ்சிருக்காது, விடுங்க" என்பார். துக்கத்தோடு வந்தவர்கள்கூட லேசாகச் சிரித்துவிடுவார்கள்.

"என் பிரஸ்ல மை தீந்து போகும், கரண்டு போகும். ஜனா கையைத் தாண்டி ஒரு பிழை போகாது" என்று பாய் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார். ஜனகராஜ் காதில் விழாதது மாதிரி குனிந்துகொள்வார். காதில் நன்றாகவே விழும்.

அவர் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் பேசுவது வேறு பாஷை. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகுதான் தமிழைக் கூட்டி எழுதக் கற்றுக்கொண்டார். அதனாலேயே மற்றவர்கள் பேச்சுவாக்கில் தாண்டிப் போகிற இடத்தில் இவர் நின்று பார்ப்பார். எங்கே ஒற்று வரும், எங்கே வராது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். அந்த ஒரு கர்வம்தான் அவரிடம் இருந்தது. ஒரு மனிதனுக்கு ஒரு கர்வம்கூட இல்லாவிட்டால் எப்படி?

2007ஆம் வருஷம் அவர் மகள் ரம்யாஸ்ரீ அவருக்கு இணையத்தில் ஆர்குட் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தாள். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த பெண். அவர்கள் குடியிருந்தது கோச்சடையில். 'கோச்சடைக்காரவுக' என்ற பெயரில் ஆர்குட்டில் ஒரு குழு இருந்தது. சார்ஜா, சிங்கப்பூர், பெங்களூர் என்று பிழைக்கப் போன முந்நூற்றுச் சொச்சம் பேர் அதில் கூடி, பழைய கடை, பழைய வாத்தியார் என்று ஊர்க்கதை பேசுவார்கள். ஜனகராஜும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குக் கிளம்பிவிடுவார்.

அவருக்குப் பிடிக்காத விஷயம் ஒன்றே ஒன்றுதான். எல்லோரும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதினார்கள். அந்த சென்டரில் இருந்த கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துக்கு வழியும் இல்லை. "ர-வுக்கும் ற-வுக்கும் ஒரே எழுத்தாம்மா? இதுல எப்படி எழுதுறது?" என்று மகளிடம் கேட்டார். "காதுல கேக்குற மாதிரி அடிங்கப்பா. எங்கயாச்சும் எழுத்து குறையுற மாதிரி இருந்தா ஒரு ஏ போட்டுக்கங்க" என்றாள் அவள். பெண்பிள்ளை சொன்னது நல்லெண்ணத்தில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ கேட்டிருந்தார்கள்: நம்ம பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸம்மாவை ஞாபகம் இருக்கா? தங்கப்பொண்ணைக் கேட்கிறார்கள். முப்பது வருஷம் கோச்சடையில் பிள்ளைகளைப் பிடித்து வெளியே எடுத்தவர். ஜனகராஜின் மகளையும் அவர்தான் எடுத்தார். ஜனகராஜ் உற்சாகமாக உட்கார்ந்து ஒற்றை விரலால் அடித்தார். அவர் மனதில் இருந்தது இவ்வளவுதான்: 'தங்கப்பொண்ணு நர்ஸம்மா எங்க தெருவுலதான் இருந்தாங்க. ரொம்ப நல்லவங்க. மறக்க முடியாது.'

நம் ஊர்ப் பேச்சில் 'இருந்தாங்க' என்பதை யார் முழுசாகச் சொல்கிறார்கள்? நடுவில் இருக்கும் உகரத்தை விழுங்கிவிட்டு 'இர்ந்தாங்க' என்கிறோம். காதில் கேட்ட மாதிரியே அடித்தார். அடித்துவிட்டுப் பார்த்தால் சொல் மொட்டையாக நின்றது. எழுத்து குறைகிறதே என்று பிழை திருத்துகிறவரின் கண் உறுத்தியது. மகள் சொன்னபடி, யு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஏ-யைச் சேர்த்தார். ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்துத் திருப்தியானார். வீட்டுக்குப் போய் மனைவி ராதாமணி சுட்டு வைத்திருந்த தோசையைத் தின்றார்.

இங்கிலீஷ் எழுத்தில் அந்தச் சொல் 'இறந்தாங்க' என்று நின்றுகொண்டிருந்தது. பின்னாலேயே 'ரொம்ப நல்லவங்க, மறக்க முடியாது' வேறு. இருபத்திரண்டு வருஷம் அஞ்சலிப் போஸ்டர் திருத்திய மனிதர் எழுதினால் அதை யார் நம்பாமல் இருப்பார்கள்?

செவ்வாய்க்கிழமை பிரஸுக்கு சுடலை வந்தான். கோச்சடையில் செல்போன் கடை வைத்திருப்பவன். கையில் ஒரு போட்டோவும், எழுதிய தாளும் இருந்தன. போட்டோவில் தங்கப்பொண்ணு. தாளில், 'கண்ணீர் அஞ்சலி. எங்களை இந்த மண்ணில் இறக்கிய தாயே. இவன் கோச்சடை நன்பர்கள், சார்ஜா.'

ஜனகராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. பழக்கதோஷம், கலங்கிய கண்ணோடு சிவப்புப் பேனாவை எடுத்து 'இவன்' என்பதை 'இவண்' என்று திருத்தினார், 'நன்பர்கள்' என்பதில் ஒரு சுழியைச் சேர்த்தார். அதற்கப்புறம்தான் நிமிர்ந்து கேட்டார்.

"என்னைக்குப்பா தவறுனாங்க? யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே."

சுடலை அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "அதை நீங்கதாண்ணே சொல்லணும். நீங்க ஆர்குட்ல போட்டதைப் பாத்துட்டுத்தான் சாஜித்து சார்ஜாவுல இருந்து போன் அடிச்சான். போஸ்டர் ஒட்டுடா, நாங்க வர முடியலைன்னு ஒரே அழுகை."

பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டருக்கு ஜனகராஜ் ஓடிப்போய்ப் பார்த்தார். அவர் எழுதியதற்குக் கீழே அறுபத்தொரு பேர் அழுதிருந்தார்கள். தன் வரியைத் திரும்பப் படித்தார். பிழை இப்போது பளிச்சென்று தெரிந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானை ஒரு ஆள் மேல் விழுந்துவிட்டதே என்பதுதான் அவர் பயம்.

தங்கப்பொண்ணு ஏழு வருஷத்துக்கு முன்பே மகன் விருமாண்டியோடு ஆனையூருக்குக் குடிபோய்விட்டார். அங்கே இங்கே விசாரித்து விருமாண்டியின் நம்பரை சுடலை வாங்கிக் கொடுத்தான். ஜனகராஜ் உடனே போன் போட்டார்.

"ஒங்களோட சேத்து இன்னைக்கு அஞ்சு பேரு கேட்டாச்சு" என்றார் விருமாண்டி. "எங்கம்மா அடுப்படியில உக்காந்து கீரை ஆயுது. எவன்யா இதைக் கெளப்பிவிட்டது?"

"நாந்தாங்க. எழுத்து மாறிப்போச்சு."

விருமாண்டி நிதானமாகச் சொன்னார். "வீட்டுப் பக்கம் வந்துறாதீங்க. வந்தீங்கன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்."

போஸ்டர் நின்றது. அன்றைக்கே ஜனகராஜ் குழுவில் விளக்கமாக எழுதினார். நர்ஸம்மா நலமாக இருக்கிறார், தவறு என்னுடையது, மன்னிக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தையும் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டிக் கேட்டுக் கேட்டு அடித்தார். விஷயம் முடிந்தது என்று நினைத்தார். ஆரம்பித்ததே அங்கேதான்.

அழுதவர்களுக்கு அழுகை நின்றதும் கோபம் வந்தது. அது நியாயம். அழாதவர்களுக்கோ வெறும் வாய்க்கு அவல் கிடைத்தது. கோச்சடையை வரைபடத்தில்கூடப் பார்த்திராதவன் எல்லாம் குழுவில் சேர்ந்து ஏச ஆரம்பித்தான். 'சாவு வியாபாரி. போஸ்டருக்கு ஆர்டர் இல்லைன்னு உசுரோட இருக்கவங்களைக் கொல்றான்' என்றான் ஒருத்தன். பிரஸ் நம்பரை இன்னொருத்தன் எடுத்துப் போட்டான். போனை எடுத்தால், "சாவு ஆபீஸா?" என்று கேட்டுவிட்டு வைப்பார்கள். ஜனகராஜின் படத்துக்கு மாலை போட்டு, பிறந்த தேதிக்குப் பக்கத்தில் அந்த வாரத் தேதியையும் எழுதி, 'அடுத்த அஞ்சலி' என்று ஒருத்தன் ஒட்டியிருந்தான். அதை முதலில் பார்த்தது ரம்யாஸ்ரீ. கல்லூரியிலிருந்து வந்தவள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஏ போடச் சொன்னது தான்தானே என்று அவளுக்கு வேறு வேதனை.

அவ்வளவையும் ஜனகராஜ் தாங்கினார். ஒரே ஒரு வரி மட்டும் உள்ளே இறங்கிவிட்டது. 'வீட்டுல ஒரு பாஷை, வெளியில ஒரு பாஷை. தமிழ் வராதவனுக்குத் தமிழ்ல என்ன வேலை?'

மறுநாள் ஒரு கல்யாணப் பத்திரிகையை நாலு தரம் படித்தார். ஐந்தாவது தரமும் சந்தேகமாகவே இருந்தது. 'நடைபெறவிருப்பதால்' என்ற சொல்லில் எந்த ர, எந்த ற என்று அவரே அகராதியைப் புரட்டினார். சாயங்காலம் பாய் முன்னால் போய் நின்றார்.

"பாய், வேற ஆளைப் பாத்துக்கங்க. எனக்குக் கண்ணு மேல நம்பிக்கை போயிருச்சு."

சிஹாபுதீன் பாய் கணக்குப் பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு அவரை உட்காரச் சொன்னார். "ஜனா, மௌத்தான ஆளைத் திருப்பிக் கொண்டாற எவனாலயும் முடியாது. ஒன் கேஸ்ல அந்தம்மா கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருக்கு. அல்லாவே பிழை திருத்திக் குடுத்துட்டான். அப்புறம் என்ன?" என்றார். "போன்ல எவனும் கூப்புட்டா என்கிட்ட குடு. எனக்கும் வாய் இருக்கு."

சொன்னபடியே மூன்று நாள் போனை பாய்தான் எடுத்தார். அவருடைய வாயை அதுவரை அறியாதவர்கள் அறிந்துகொண்டார்கள். நாலாம் நாள் போன் மணி குறைந்துவிட்டது.

ஜனகராஜ் வேறொரு காரியம் செய்தார். தன்னை ஏசியவை முழுவதையும் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார். இருநூற்றுப் பதினாலு. மதிய இடைவேளையில் மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதினார். இங்கிலீஷ் எழுத்தில் இருந்தபோது எல்லாம் ஒரே இரைச்சலாக இருந்தது. தமிழில் எழுதியதும் ஆள் ஆளாகப் பிரிந்தது. நாற்பது பேர் ஒரே ஏச்சைப் பார்த்து எழுதியிருந்தார்கள். பிழையும் ஒன்று போலவே இருந்தது. முப்பது பேருக்கு யாரைத் திட்டுகிறோம் என்றே தெரியவில்லை, நர்ஸம்மாவைத் திட்டியிருந்தார்கள். ஒரு ஆள் ஐந்து பெயரில் வந்திருந்தான். ஐந்து பெயரிலும் 'மன்னிப்பு' என்ற சொல்லை ஒரே மாதிரி தப்பாக எழுதியிருந்தான். ஜனகராஜுக்கு ஒரு வாரத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. கண் கெட்டுப்போகவில்லை என்று தெரிந்ததில் வந்த சிரிப்பு அது.

கழித்துக் கட்டிப் பார்த்தால் உண்மையாக நொந்தவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேருக்கும் தனித்தனியாக எழுதினார். மற்றவர்களுக்கு ஒரு எழுத்தும் எழுதவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

ஆறு பேரில் சாஜித் போனில் கூப்பிட்டான். ஏசவில்லை. "அண்ணே, நான் பள்ளிவாசல்ல நின்னு அவங்களுக்காக துஆ கேட்டேண்ணே. ஊர்ல எங்கம்மாட்டயும் சொல்லிட்டேன். அவுக ரெண்டு நாளா சோறு திங்கல. இப்ப உசுரோட இருக்காங்கன்னா சந்தோசப்படணும். எனக்கு ஏன் கோவம் வருதுன்னே தெரியல."

"கோவப்படுப்பா. ஒனக்கு உரிமை இருக்கு" என்றார் ஜனகராஜ். வைக்கும்போது சாஜித், "அவங்களைப் போயிப் பாத்தீங்களாண்ணே?" என்று கேட்டான்.

அன்று இரவுச் சாப்பாட்டில் ராதாமணியும் அதையே கேட்டாள். வீட்டு பாஷையில்தான் கேட்டாள். அதில் சுற்றி வளைக்க இடமில்லை.

"இந்த இருநூறு பேரும் நம்ம வாசல்ல வந்து நின்னு இதைச் சொல்வாங்களா?"

"மாட்டாங்க."

"வாசல்ல நின்னு திட்ட ஒரே ஒருத்தருக்குத்தான் உரிமை. அவங்களைப் பாக்கத்தான் நீங்க பயப்படுறீங்க."

"விருமாண்டி வரக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"உங்களைத்தானே சொன்னாரு. நான் வர்றேன், நீங்க என் கூட வாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை கோச்சடையில் பஸ் ஏறி, பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஆனையூர் பஸ்ஸைப் பிடித்தார்கள். ராதாமணி ஒரு சீப்பு பழமும் மல்லிகைப்பூவும் வாங்கிக்கொண்டாள். ஜனகராஜ் கையில் ஒரு கவர் இருந்தது. திட்டியவர்களுடைய தாளை வீட்டிலேயே வைத்துவிட்டார். அழுத அறுபத்தொரு பேர் எழுதியதைத் தமிழில் பெயர்த்துக் கொண்டுவந்திருந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறவன் வெறுங்கையோடு போகக் கூடாது என்று அவருக்கு ஒரு நினைப்பு.

கதவைத் திறந்த விருமாண்டிக்கு முகம் சிவந்தது. ஆனால் முன்னால் நின்றது பூவும் பழமும் வைத்திருந்த பொம்பளை. வாங்க என்று சொல்லவும் மனமில்லை, போங்க என்று சொல்லவும் வாய் வரவில்லை. அதற்குள் உள்ளேயிருந்து, "யாருடா அது?" என்று குரல் வந்தது. எழுபத்து நாலு வயதுக் குரல் மாதிரியே இல்லை.

"என்னையக் கொன்னவரா? உள்ள வரச்சொல்லு. நானும் பாக்கணும்ல."

தங்கப்பொண்ணு முன்னைக்குப் பாதியாக இளைத்திருந்தார். கால் வீங்கி, கட்டிலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஜனகராஜ் கும்பிட்டுவிட்டு, மனப்பாடம் செய்துவைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். தங்கப்பொண்ணு பாதியிலேயே கையமர்த்தினார்.

"அட, விடு ஜனா. செத்துட்டான்னு சேதி வந்தா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாக. இவன்தான் ஒரு வாரமா குதிக்கிறான்" என்று மகனைக் காட்டினார். "கையில என்ன?"

கவரைக் கொடுத்தார். "கண்ணு தெரியல, நீயே படி" என்றார் தங்கப்பொண்ணு. ஜனகராஜ் படித்தார். பெங்களூரில் ஒருத்தன், 'பிறந்ததும் நான் அழவில்லையாம், நர்ஸம்மா தலைகீழாகப் பிடித்துத் தட்டினாராம்' என்று எழுதியிருந்தான். "அவனா? கொடி கழுத்துல மாலையாச் சுத்திப் பிறந்தவன். எம்புட்டுப் பாடுபடுத்துனான்" என்றார். இன்னொரு பெயருக்கு, "யாருன்னு தெரியல. ஆனா நல்லா எழுதிருக்கான், இன்னொரு தரம் படி" என்றார். சாஜித் பெயர் வந்தபோது, "சைனப்பு மகன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசற்படியில் நின்ற விருமாண்டி எப்போது உள்ளே வந்து உட்கார்ந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. அறுபத்தொன்றும் முடிய ஒரு மணி நேரம் ஆனது. ராதாமணியே அடுப்படிக்குப் போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தாள்.

"எல்லாரும் எழுதுனது சரி. நீ என்ன எழுதுன? அதைப் படிக்கலையே" என்றார் தங்கப்பொண்ணு.

ஜனகராஜுக்கு அது மனப்பாடம். எழுத்து எங்கே மாறியது, யு எப்படி ஏ ஆனது என்று விளக்கிவிட்டு, பிழை நீக்கிச் சொன்னார். "தங்கப்பொண்ணு நர்ஸம்மா எங்க தெருவுலதான் இருந்தாங்க. ரொம்ப நல்லவங்க. மறக்க முடியாது. இதுதாம்மா நான் எழுத நினைச்சது."

தங்கப்பொண்ணு காபியை ஆற்றி ஒரு வாய் குடித்தார்.

"சரி, அந்த எழுத்து ஒழுங்கா விழுந்துருச்சுன்னே வச்சுக்குவோம். இருந்தாங்க. அப்பவும் நான் முடிஞ்சுபோனவ மாதிரித்தான ஜனா எழுதிருக்க? ரொம்ப நல்லவங்க, மறக்க முடியாது. நான் எங்க போயிட்டேன்? ரெண்டு பஸ்ஸு மாறுனா ஆனையூரு. ஏழு வருசமா இந்த வீட்லதான் இருக்கேன். ஒம் மகளை எடுத்தவ. ஒரு நாள் வந்தியா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

இருநூறு பேர் சல்லடை போட்டுச் சலித்தும் அந்தப் பிழையை ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. ஜனகராஜும் கண்டுபிடிக்கவில்லை. அத்தனை ஏச்சுக்கும் வராத அழுகை அவருக்கு அங்கே வந்தது. ராதாமணிக்கு முன்னால், விருமாண்டிக்கு முன்னால், துடைத்துக்கொள்ளாமல் அழுதார்.

"வரலம்மா" என்றார்.